பால் போன்ற அந்த ஊசி: மயக்க மருந்து பற்றி வாசகர் கேள்வி-பதில்

ஆபரேஷன் என்றதும் சர்ஜன் யார், கைராசி எப்படி என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். மயக்க மருந்து கொடுக்கப்போவது யார் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் பயம் மொத்தமும் அந்த ஊசியின் மேல்தான். கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். அளவுகளைச் சொல்லியிருப்பது புரிந்துகொள்வதற்காக. உங்களுக்கு எவ்வளவு என்பதை, தியேட்டரில் உங்கள் தலைமாட்டில் நிற்கும் மயக்க டாக்டர்தான் முடிவு செய்வார்.

தங்கைக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. பால் மாதிரி ஒரு ஊசி ஏற்றினார்களாம், கை எரிந்ததாம், பத்து வரை எண்ணச் சொன்னார்களாம், ஐந்துக்கு மேல் ஞாபகமே இல்லையாம். அது என்ன மருந்து? அதில் முட்டை இருக்கிறது என்கிறார்கள். அவளுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாதே! (வாசகி, வில்லியனூர்)

ப்ரோபோஃபால். தண்ணீரில் கரையாத மருந்து. அதனால் சோயா எண்ணெயில் கரைத்து, முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த லெசித்தினைச் சேர்த்து, கிளிசராலும் தண்ணீரும் கலந்து நுண்துளிகளாக அடித்து வைக்கிறார்கள். அந்த எண்ணெய்த் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. பால் வெள்ளையாக இருப்பதும் இதே காரணத்தால்தான். 1 சதவீதக் கரைசல் என்றால் 1 மி.லி.யில் 10 மி.கி. மருந்து. 20 மி.லி. ஆம்பியூலில் 200 மி.கி. மருந்தோடு 2 கிராம் சோயா எண்ணெயும் இருக்கும். 1977-இல் முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கிரெமோஃபோர் என்ற வேறொரு கரைப்பானில் கலந்திருந்தார்கள். அது சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கிளப்பியதால் கைவிட்டு, எண்ணெய்க் கலவையாக மாற்றி 1986-இல் பிரிட்டனில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

முட்டைச் சந்தேகம் நியாயமானது. ஆனால் முட்டை ஒவ்வாமை பெரும்பாலும் வெள்ளைக் கருவின் புரதத்தால் வருவது. ஊசியில் இருப்பது மஞ்சள் கருவின் கொழுப்பு. அதனால் முட்டை சாப்பிட்டால் தடிப்பு வருகிறவர்களுக்கும் ப்ரோபோஃபாலைப் பொதுவாகக் கொடுக்கலாம். முட்டை பட்டதுமே மூச்சுத் திணறி ஐ.சி.யூ. வரை போனவர் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எரிச்சல் ஒவ்வாமை அல்ல. மருந்து ரத்தக் குழாயின் உட்சுவரைச் சீண்டுவதால் வருவது. புறங்கையின் மெல்லிய நரம்பில் போட்டால் அதிகம், முழங்கை மடிப்பின் பெரிய நரம்பில் போட்டால் குறைவு. முன்கூட்டியே 20 முதல் 40 மி.கி. லிக்னோகெய்ன் ஏற்றினால் பலருக்குத் தெரியவே தெரியாது.

இப்போது அந்த ஐந்து எண்ணிக்கை. பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 1.5 முதல் 2.5 மி.கி. 60 கிலோ எடை, கிலோவுக்கு 2 மி.கி. என்று வைத்தால் 120 மி.கி., அதாவது 12 மி.லி. கையிலிருந்து இதயம், நுரையீரல் வழியாக மூளையைச் சேர ஏறக்குறைய அரை நிமிடம். ஆனால் அந்த ஒற்றை ஊசியின் தூக்கம் ஐந்து முதல் பத்து நிமிடம்தான். மருந்து அதற்குள் அழிந்துவிடுவதில்லை, இடம் மாறிவிடுகிறது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் கூட்டம் நெரியும், தீர்த்தவாரி முடிந்ததும் தெருத்தெருவாகக் கலைந்துவிடும். கடற்கரை காலியானாலும் கூட்டம் ஊருக்குள்தான் இருக்கும். அதேபோல மருந்து முதலில் ரத்த ஓட்டம் மிகுந்த மூளையில் குவிந்து, பிறகு தசைக்கும் கொழுப்புக்கும் கலைகிறது. கல்லீரல் அதை அழித்து முடிக்க இன்னும் பல மணி நேரமாகும். அன்றைக்கு வண்டி ஓட்டாதே, பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே, 24 மணி நேரம் பொறு என்று சொல்வது இதனால்தான்.

மூச்சை நிறுத்துவதும் பிரஷரை இறக்குவதும் இந்த மருந்தின் குணம். மாஸ்க், ஆக்சிஜன், மூச்சுக்குழல் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்த பிறகே சிரிஞ்ச் அழுத்தப்படும். எழுபது வயதைத் தாண்டியவருக்குக் கிலோவுக்கு 1 மி.கி.யே போதுமானதாக இருக்கும், அதையும் மெதுவாக ஏற்ற வேண்டும். வயதானவரின் ரத்தம் மூளையைச் சேரவே நேரம் எடுக்கும். ‘இன்னும் தூங்கவில்லையே’ என்று அவசரப்பட்டு இன்னும் 3 மி.லி. தள்ளினால், ஒரு நிமிடம் கழித்து பிரஷர் 70-க்கு வந்து நிற்கும்.

இன்னொன்று: எண்ணெயும் முட்டைச் சத்தும் கிருமிக்கும் நல்ல சாப்பாடு. ஆம்பியூலை உடைத்து சிரிஞ்சில் எடுத்தால் ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஒருவருக்கு எடுத்த மீதியை அடுத்தவருக்குப் போடக் கூடாது. அமெரிக்காவில் 1990 முதல் 1993 வரை 7 மருத்துவமனைகளில் 62 பேருக்கு ஆபரேஷனுக்குப் பின் தொற்று வந்ததை ஆராய்ந்தபோது, இந்த மருந்தைக் கையாண்ட விதத்தில்தான் பிழை இருந்தது தெரியவந்தது.

ஊசி பத்து நிமிடம்தான் என்றால் மூன்று மணி நேர ஆபரேஷனை எப்படி ஓட்டுகிறார்கள்? செவோஃப்ளுரேன், ஐசோஃப்ளுரேன் என்று பாடத்தில் வரும் எண்கள் எதுவும் மனதில் நிற்க மாட்டேன் என்கிறது. (அனஸ்தீசியா டெக்னீஷியன் மாணவர், சிதம்பரம்)

ஊசி தூங்க வைக்கிறது. தூக்கத்தை இழுத்துப் பிடிப்பது மூச்சோடு போகும் ஆவி, அல்லது பம்ப்பில் தொடர்ந்து ஏறும் ப்ரோபோஃபால். கூடவே வலிக்கு ஃபென்டனில் (கிலோவுக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம்), தசை தளர அட்ராக்யூரியம் (கிலோவுக்கு 0.5 மி.கி.). தூக்கம், வலி, தசை மூன்றுக்கும் தனித்தனி மருந்து இருப்பதால்தான் ஒவ்வொன்றும் குறைந்த அளவில் போதுமானதாகிறது. ஈதர் ஒன்றை மட்டுமே நம்பிய காலத்தில் மூன்றுக்கும் சேர்த்து அதையே ஏற்ற வேண்டியிருந்தது. நோயாளி விழிக்க நேரமாகும், விழித்ததும் வாந்திதான்.

எண்களுக்கு வருவோம். மேக் என்பது, தோலைக் கீறும்போது நூற்றுக்கு ஐம்பது பேர் அசையாமல் இருக்கத் தேவையான ஆவியின் அளவு. ஹாலோதேன் 0.75, ஐசோஃப்ளுரேன் 1.15, செவோஃப்ளுரேன் 2, டெஸ்ஃப்ளுரேன் 6, நைட்ரஸ் ஆக்சைடு (சிரிப்பு வாயு) 104 சதவீதம். எண் பெரிதாகப் பெரிதாக மருந்தின் வீரியம் குறைவு. நைட்ரஸ் ஆக்சைடுக்கு நூறைத் தாண்டுகிறதே என்று பார்த்தாலே, அதை மட்டும் கொடுத்து ஆபரேஷன் செய்ய முடியாது என்பது புரிந்துவிடும். ஆக்சிஜனுக்கு இடம் எங்கே? நாற்பது வயதுக்கு மேல் ஒவ்வொரு பத்து ஆண்டுக்கும் மேக் சுமார் 6 சதவீதம் குறையும்.

அடுத்தது ரத்தத்தில் கரையும் அளவு, அதாவது காற்றில் ஒரு பங்கு இருக்கும்போது ரத்தத்தில் எத்தனை பங்கு என்பது. ஹாலோதேன் 2.4, ஐசோஃப்ளுரேன் 1.4, செவோஃப்ளுரேன் 0.65, டெஸ்ஃப்ளுரேன் 0.42. மாணவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். நன்றாகக் கரைகிற மருந்துதானே சீக்கிரம் தூங்க வைக்க வேண்டும்? நடப்பது தலைகீழ். ரத்தம் வாங்கி வாங்கித் தனக்குள் போட்டுக்கொண்டே இருந்தால், மூளைக்குப் போய்ச் சேர வேண்டிய அழுத்தம் ஏறவே ஏறாது. காய்ந்த மண் தரையில் தண்ணீர் விட்டால் தேங்குவதற்கு எவ்வளவு நேரம்! சிமென்ட் தரையில் ஒரு சொம்பு போதும். கரையாதது சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும்.

செலவுக்கு ஒரு கணக்கு: மூன்று × நிமிடத்துக்கு ஓடும் வாயு லிட்டர் × டயலில் உள்ள சதவீதம் = மணிக்கு எத்தனை மி.லி. திரவம். 2 லிட்டர் ஓட்டம், 2 சதவீதம் செவோ என்றால் மணிக்கு 12 மி.லி. யாரோ 6 லிட்டரில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் 36. 250 மி.லி. பாட்டில் இருபது மணி நேரத்துக்கு மேல் வர வேண்டியது, ஏழு மணி நேரத்தில் காலி.

பரீட்சைக்கு வருகிறதோ இல்லையோ, தியேட்டரில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய மூன்று விஷயங்கள். ஒன்று, வேப்பரைசர் என்பது திரவத்தை ஆவியாக்கி அளந்துவிடும் சாதனம். மஞ்சள் நிற செவோ வேப்பரைசரில் ஊதா நிற ஐசோ பாட்டிலைக் கவிழ்க்காதீர்கள். 20 டிகிரியில் ஐசோவின் ஆவி அழுத்தம் ஏறக்குறைய 240 மி.மீ., செவோவினுடையது 160. டயல் 2 என்று காட்டும்போது உண்மையில் வெளியே வருவது 3.4 சதவீத ஐசோ. ஒரு மேக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு மூன்று மேக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். பாட்டில் கழுத்தில் சாவி போல நிறம் வைத்த மூடி பொருத்தியிருப்பது இதற்குத்தான். அதை மீறிப் புனல் வைத்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு, சோடா லைம். நோயாளி விடும் மூச்சிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும் பொருள் அது. சனிக்கிழமை கடைசி கேஸ் முடிந்தபின் ஆக்சிஜன் ஃப்ளோவை நிறுத்த மறந்தால் திங்கள் காலைக்குள் சோடா லைம் முழுக்கக் காய்ந்துவிடும். காய்ந்த சோடா லைம் மேல் டெஸ்ஃப்ளுரேனோ ஐசோஃப்ளுரேனோ பட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணி 98 காட்டும். சந்தேகம் வந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

மூன்று, நம் ஊர் வெயில். நைட்ரஸ் ஆக்சைடு நீல சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும். திரவம் தீரும் வரை அழுத்த மீட்டர் அசையாது. எவ்வளவு மீதி என்பதை எடை போட்டுத்தான் அறிய முடியும். அதுவும் 36.5 டிகிரி வரைதான். அதைத் தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நிற்காது. கத்திரி வெயிலில் சிலிண்டர் அறையின் தகரக் கூரைக்குக் கீழே அந்த அளவைத் தாண்டுவது பெரிய விஷயமா? அதனால்தான் நிரப்பும் விகிதம் (சிலிண்டர் கொள்ளும் தண்ணீரின் எடையில் எவ்வளவு பங்கு எடைக்கு வாயுவை நிரப்பலாம் என்பது) குளிர்நாடுகளில் 0.75 என்றால், வெப்ப நாடுகளில் 0.67. டெஸ்ஃப்ளுரேன் இன்னும் மோசம், 22.8 டிகிரியிலேயே கொதித்துவிடும். மே மாதம் ஏ.சி. இல்லாத அறையில் சாதாரண மூடியோடு வைத்தால் பாட்டிலுக்குள்ளேயே கொதிக்கும். அதற்கான வேப்பரைசருக்குக் கரண்ட் வேண்டும். 39 டிகிரிக்குச் சூடாக்கி, அழுத்தத்தில் பிடித்து வைத்து அளந்துவிடும் சாதனம் அது.

பெரியப்பாவுக்கு ஒரு மருத்துவமனையில் அவசர ஆபரேஷன். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆனால் ஐந்து மணி நேரம் மூச்சு வரவில்லை, மெஷினில் வைத்திருந்தார்கள். ‘ஸ்கோலின் சேரவில்லை’ என்றார்கள். டோஸ் அதிகமாகப் போட்டுவிட்டார்களோ? எங்களுக்கும் அப்படி வருமா? (வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

டோஸ் தவறாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சரியான டோஸிலேயே இப்படி நடக்கும்.

ஸ்கோலின் என்பது சக்சமெத்தோனியம். நரம்பு தசையோடு பேசும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் இரண்டை முதுகோடு முதுகாக ஒட்டியது போன்ற மூலக்கூறு. கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி. ஏற்றினால் கண்ணிமை, கன்னம், தோள், கால் என்று தோலுக்கடியில் புழு நெளிவது போல ஒரு துடிப்பு ஓடும். ஒரு நிமிடத்துக்குள் உடம்பு துவண்டுவிடும், மூச்சுக்கான குழலைச் சுலபமாக உள்ளே செலுத்தலாம். வயிற்றில் சாப்பாட்டோடு அவசரமாக வருகிறவர்களுக்கு இந்த வேகம்தான் உயிர் காக்கும்.

இதை அழிப்பது ரத்தத்தில் ஓடும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. அது சரியாக இருந்தால் ஏற்றிய மருந்தில் பெரும்பங்கு தசையைச் சேருவதற்கு முன்பே சிதைந்துபோகும். மிச்சமும் ஐந்து, பத்து நிமிடத்தில் தீரும். நொதி பிறவியிலேயே குறைபாடானால் அதே ஊசி மணிக்கணக்கில் நிற்கும். பயப்பட வேண்டியது அந்த மணி நேரங்களுக்கு அல்ல. மெஷின் மூச்சு கொடுக்கும், தூக்க மருந்து ஓடிக்கொண்டிருக்கும், தசை தானாகத் திரும்பும். உண்மையான தவறு, என்ன நடக்கிறது என்று புரியாமல் தூக்க மருந்தை நிறுத்திவிடுவது. அப்போது நோயாளி விழித்திருப்பார், விரலைக்கூட அசைக்க முடியாது.

பிறவிக் குறை தாய் வழி, தந்தை வழி இரண்டிலிருந்தும் வந்தால்தான் முழுமையாகத் தாக்கும். அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கு நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் பெண் எடுக்கும் குடும்பங்களில் அது வெளிப்படும் வாய்ப்பு அதிகம். தென்னிந்தியாவில் ஆரிய வைசியர் சமூகத்தில் இந்த நொதியே ஏறக்குறைய இல்லாத நிலை மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அன்றாட வாழ்வில் இதனால் ஒரு தொந்தரவும் கிடையாது, ஸ்கோலின் போட்டால் மட்டுமே தெரியும். சீரம் கோலினெஸ்டரேஸ் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பெரியப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஸ்கோலின் ஆப்னியா’ (ஸ்கோலினால் மூச்சு நின்றுபோனது) என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும், அதாவது உங்கள் அப்பாவும் சேர்த்து, பரிசோதித்துக்கொள்வது நல்லது. மாற்று மருந்து இல்லாமல் இல்லை. ரோக்குரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி. கொடுத்தால் ஏறக்குறைய அதே வேகம், அதை இறக்க சுகமாடெக்ஸ் இருக்கிறது.

பிறவிக் குறை இல்லாமலும் நொதி படுத்துவிடும். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கம் பயிருக்கு மருந்தடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குளோர்பைரிஃபாஸ், மோனோகுரோட்டோஃபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் இதே நொதியைத்தான் முடக்குகின்றன. முகமூடி இல்லாமல் நாலு நாள் அடித்தவருக்கு அடுத்த வாரம் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் வந்தால், ‘தோட்டத்துக்கு மருந்தடித்தேன்’ என்று சொல்லியே ஆக வேண்டும். நொதி பழைய நிலைக்குத் திரும்ப வாரக் கணக்கில் ஆகும்.

குடும்பத்தில் யாராவது தியேட்டரில் திடீரென்று உடம்பு நெருப்பாகக் கொதித்து, தசை இறுகி இறந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அது வேறு நோய். ஸ்கோலினும் மூச்சில் போகும் ஆவி மருந்துகளும் அதைத் தூண்டும். அதற்கு மருந்து டான்ட்ரோலின், கிலோவுக்கு 2.5 மி.கி. ஒரு குப்பி 20 மி.கி.தான், ஒவ்வொன்றையும் 60 மி.லி. தண்ணீரில் கலக்க வேண்டும். 60 கிலோ ஆளுக்கு முதல் டோஸுக்கே எட்டுக் குப்பி. கலக்குவதற்கென்றே இரண்டு பேர் நிற்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்காரர் தினமும் குடிப்பார். குடிக்கிறவர்களுக்கு மயக்க மருந்து ஏறாதாமே? ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பு நிறுத்தச் சொல்லிவிடவா? (வாசகி, அரியாங்குப்பம்)

பாதி உண்மை. சாராயமும் மயக்க மருந்துகள் பலவும் மூளையில் காபா என்ற ஒரே பூட்டைத்தான் திருகுகின்றன. தினமும் திருகித் திருகிப் பூட்டு தேய்ந்திருக்கும், அதனால் மருந்து கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். ஆனால் கல்லீரலும் இதயத் தசையும் கெட்டுப்போயிருந்தால் அதே கூடுதல் அளவு பிரஷரைச் சாய்த்துவிடும். அன்றைக்கே குடித்துவிட்டு விபத்தில் அடிபட்டு வந்தவரின் கணக்கு வேறு, அவருக்கு மருந்து குறைவாகத்தான் வேண்டும். ஏற்கெனவே பாதி மயக்கத்தில் இருக்கிறார், வயிறும் நிறைந்திருக்கிறது.

டாக்டரிடம் ‘எப்பவாவது’ என்று சொல்லாதீர்கள். தினம் ஒரு குவாட்டர் என்றால் குவாட்டர் என்றே சொல்லுங்கள். 42.8 சதவீதச் சரக்கில் 180 மி.லி. என்றால் சுமார் 60 கிராம் ஆல்கஹால். பாண்டிச்சேரியில் கடை பக்கத்தில் இருக்கிறது என்பது டாக்டருக்கும் தெரியும், யாரும் திட்டப்போவதில்லை.

நிறுத்தும் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். நீங்களாக நிறுத்த வைக்காதீர்கள். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்துக்குப் பிறகு கை நடுக்கம், வியர்வை. ஒன்றிரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் பூச்சி ஊர்கிறது, யாரோ நிற்கிறார்கள் என்று உளறல். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் வார்டில் குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கி எறிகிறார் என்றால், ‘மயக்க மருந்து மண்டைக்கு ஏறிவிட்டது’ என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். மயக்க மருந்து அதற்குள் போயே போய்விட்டிருக்கும், அது சரக்கு இல்லாத மூளையின் கூத்து. முன்பே தெரிந்தால் தயமின் ஊசியும் டயசிபாம் வகை மாத்திரையும் கொடுத்துப் பக்குவமாக நிறுத்த வைப்பார்கள்.

காலையில் ஒரு டம்ளர் டீதான் குடித்தேன். அதற்காக ஆபரேஷனை மறுநாளுக்குத் தள்ளிவிட்டார்கள். இது நியாயமா? (வாசகர், நெல்லிக்குப்பம்)

பால் கலந்த டீ வயிற்றில் தயிராகத் திரியும், சாப்பாட்டுக்குச் சமம். தெளிந்த தண்ணீர், பால் சேர்க்காத கட்டங்காப்பி இரண்டு மணி நேரம் முன்பு வரை. தாய்ப்பால் நாலு மணி நேரம். இட்லி, பால், பால் டீ ஆறு மணி நேரம். பரோட்டா, பிரியாணி, கறிக் குழம்பு என்றால் எட்டு. நீராகாரம் தண்ணீர் கணக்கில் வராது, பருக்கை இருக்கும். கஞ்சியும் அப்படியே.

மயக்கத்தில் தொண்டையின் காவல் போய்விடும். வயிற்று அமிலம் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் நுரையீரலைப் பொசுக்கும். நியூயார்க்கில் மென்டல்சன் என்ற டாக்டர் 1946-இல் 44,016 பிரசவங்களை அலசி, 66 பேருக்கு இப்படி நடந்ததை எழுதிய பிறகுதான் இந்தப் பட்டினி விதி ஊன்றியது. நேற்று இரவு பத்து மணியிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் மதியம் வரை படுக்க வைப்பதும் தவறுதான். உடம்பு வறண்டு, ஊசி போட்டதும் பிரஷர் விழும். எத்தனை மணிக்குக் கேஸ் என்று கேட்டு, அதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தண்ணீர் குடிக்கலாமா என்று கேளுங்கள்.

எடை குறையவோ சர்க்கரைக்கோ செமாகுளுடைட் எடுப்பவர்களுக்கு வயிறு காலியாகத் தாமதமாகும், எட்டு மணி நேரம் கழித்தும் சோறு இருக்கலாம். டாப்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால், ரத்தச் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும். மாத்திரை அட்டையையே கையில் எடுத்துப் போங்கள், ‘வெள்ளை மாத்திரை’ என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

மகனுக்கு இரண்டு வயது, குடலிறக்கம். மயக்க மருந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்று படித்தேன். (தாய், பாகூர்)

நீங்கள் படித்தது அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016-இல் விடுத்த எச்சரிக்கையாக இருக்கும். மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல், அல்லது திரும்பத் திரும்பக் கொடுப்பதைப் பற்றியது அது. குடலிறக்க ஆபரேஷன் செய்த கைக்குழந்தைகளில் ஒரு பகுதிக்கு முழு மயக்கமும் மற்றவர்களுக்கு மரத்துப்போகும் ஊசி மட்டுமும் கொடுத்து, ஐந்து வயதில் சோதித்த பன்னாட்டு ஆய்வு 2019-இல் வெளியானது. சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த ஒரே ஒரு மயக்கத்தால் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை என்றது. தள்ளிப்போட்டுக் குடல் சிக்கிக்கொண்டால்தான் ஆபத்து.

ஊசிக்குப் பதிலாகப் பெரும்பாலும் மாஸ்க் வைத்து செவோஃப்ளுரேனை 8 சதவீதம் வரை ஏற்றித் தூங்க வைத்து, பிறகு நரம்பில் ஊசி குத்துவார்கள். விழிக்கும்போது பத்து இருபது நிமிடம் யாரையும் அடையாளம் தெரியாதது போல் கத்தி உதறுவான். செவோ சீக்கிரம் இறங்குவதன் பக்கவிளைவு அது, வலி இருந்தால் இன்னும் கூடும். சளி, இருமல் இருந்தால் மட்டும் மறைக்காதீர்கள். சளி பிடித்த குழந்தையின் குரல்வளை மயக்கத்தில் இறுகிப் பூட்டிக்கொள்ளும்.

கெட்டமின் போட்டால் கெட்ட கனவு வருமாமே, இன்னுமா அதைப் பயன்படுத்துகிறார்கள்? (வாசகர், பரங்கிப்பேட்டை)

பயன்படுத்துகிறார்கள், பயன்படுத்தவும் வேண்டும். 1962-இல் உருவாக்கிய மருந்து. மற்றவை காபாவைத் தட்டிக்கொடுக்க, இது என்.எம்.டி.ஏ. என்ற வேறு வாசலை அடைக்கிறது. கண் திறந்தே இருக்கும், ஆனால் உலகத்தோடு தொடர்பு அறுந்துவிடும். நரம்பில் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. நரம்பு கிடைக்காவிட்டால் தசையில் 4 முதல் 6 மி.கி. பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும், மூச்சுக்குழாயை விரிக்கும், வலியையும் அடக்கும். எச்சில் ஊறுவதைத் தடுக்க கிளைக்கோபைரோலேட் 0.2 மி.கி., கனவுக்கு மிடசோலாம் ஒன்றிரண்டு மி.கி. கூடவே போடுவார்கள். விழிக்கும்போது சத்தமும் வெளிச்சமும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் பாதிக் கனவு வராது.

2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சலும் கரை கடந்த பகுதி இது. கரண்ட் போய், ஜெனரேட்டர் தண்ணீரில் நின்றாலும், ஒரு சிரிஞ்சும் ஒரு குப்பியும் கையால் அழுத்தும் ஆம்பு பையும் இருந்தால் கெட்டமினில் ஓர் ஆபரேஷனைச் செய்துவிடலாம். அதை மட்டம் தட்டுகிறவர்கள் கரண்ட் போகாத ஊரில் இருப்பவர்கள்.

நடுவில் விழிப்பு வந்து, கத்தவும் முடியாமல் படுத்திருந்தால்? (வாசகி, காட்டுமன்னார்கோவில்)

நடக்கும், ஆனால் அரிது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு 2014-இல் வெளியானது. மொத்தத்தில் ஏறக்குறைய 19,000 மயக்கத்துக்கு ஒன்று. தசை தளர்த்தும் மருந்து சேர்ந்தால் 8,000-க்கு ஒன்று. முழு மயக்கத்தில் செய்யும் சிசேரியனில் 670-க்கு ஒன்று. குழந்தைக்குப் போய்விடக் கூடாதே என்று மருந்தை இறுக்கிப் பிடிப்பதும், எல்லாம் அவசரத்தில் நடப்பதும் இதற்குக் காரணம். தசை தளராத நோயாளி அசைந்து காட்டிக்கொடுத்துவிடுவார், தளர்த்தியவரால் அது முடியாது. அதனால்தான் வெளிமூச்சில் ஆவியின் அளவை மானிட்டரில் பார்க்கிறார்கள். சில இடங்களில் நெற்றியில் பட்டை ஒட்டி, மூளையின் மின்னலைகளை வைத்து மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும் பிஸ் எண்ணை 40-க்கும் 60-க்கும் இடையில் வைக்கிறார்கள். பம்ப்பில் ப்ரோபோஃபால் ஓடும்போது கைக் குழாய் துணிக்கடியில் கழன்று மருந்து மெத்தைக்குப் போவது ஒரு பழைய விபத்து. குழாய் குத்திய கை எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அதனால் வந்த வழக்கம்.

சிசேரியனுக்கு மயக்க ஊசி போட்டதிலிருந்து முதுகுவலி. (பலர்)

முதுகில் போட்டது இந்தப் பக்கத்தில் பேசும் மருந்துகள் அல்ல, புப்பிவகெய்ன். இடுப்புக்குக் கீழே மரக்க வைக்கும், மூளையைத் தொடாது. குத்திய இடம் சில நாள் நோகும். வருடக்கணக்கான வலிக்குக் கர்ப்பத்தில் தளர்ந்த தசைநார்களையும், குழந்தையைக் குனிந்து குனிந்து தூக்குவதையும் பாருங்கள்.

சைவம். பி12 குறைவு என்று ரிப்போர்ட் இருக்கிறது. டாக்டரிடம் சொல்ல வேண்டுமா? (வாசகர், லாஸ்பேட்டை)

அவசியம். நைட்ரஸ் ஆக்சைடு பி12-ஐச் செயலிழக்க வைக்கும். இருப்பு நிறைய உள்ளவருக்குத் தெரியாது. விளிம்பில் நிற்பவருக்குச் சில வாரங்களில் கால் மதமதப்பு, தடுமாற்றம் வரலாம். நைட்ரஸ் இல்லாமலேயே ஆபரேஷனை நடத்திவிடலாம். சொன்னால் போதும்.

மயக்க மருந்து உண்மையில் எப்படி வேலை செய்கிறது? (கல்லூரி மாணவி, புதுச்சேரி)

எண்ணெயில் எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு வீரியம் என்று 1900-ஐ ஒட்டி மேயரும் ஓவர்ட்டனும் தனித்தனியே கண்டார்கள். அதனால் நரம்பு செல்லின் கொழுப்பு உறையைத்தான் மருந்து குலைக்கிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். இப்போது பார்வை புரதங்கள் மேல் திரும்பியிருக்கிறது. காபா ஏற்பியின் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிய எலிகளுக்கு, ப்ரோபோஃபால் கொடுத்தால் அசைவு அடங்குவதே இல்லை. ஆனால் விழிப்பு என்பதே என்ன என்று தெரியாதவரை, அது அணைவதை முழுக்க விளக்க முடியாது.

பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொட்டாற்சுருங்கிச் செடியைக் கண்ணாடிக் கவிகைக்குள் ஈதர் ஆவியோடு வைத்துப் பார்த்தார். தொட்டாலும் இலை மடங்கவில்லை. ஆவி போனபின் பழையபடி மடங்கியது. மூளையே இல்லாத செடி அது. கல்லூரி ஆய்வகத்தில் பேராசிரியர் துணையோடு செய்து பார்க்கலாம். ஈதர் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

மகளுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். கல்யாணத்துக்குப் போட்ட மருதாணியை அழிக்கச் சொல்கிறார்கள். எதற்கு? (வாசகி, மஞ்சக்குப்பம்)

ஆக்சிமீட்டர் விரலுக்குள் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் பாய்ச்சி ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. கறுப்பு மருதாணியும் நீலம், கறுப்பு நெயில் பாலிஷும் அந்த ஒளியை மறைக்கும். வீட்டில் அரைத்த சிவப்பு மருதாணி பெரிய தடையில்லை, அதை ஒரு வாரத்தில் அழிக்கவும் முடியாது. நகப்பூச்சை மட்டும் எடுத்துவிட்டு, மருதாணி படாத விரல் ஒன்று இருந்தால் காட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் கால் விரலிலோ காது மடலிலோ மாட்டிக்கொள்வார்கள்.